ஊழியம்

சென்ற ஆண்டின் இறுதியில் என் மேசைமீது இரண்டு படிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. மேலே கிடந்தது, நாற்பதாண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த என் தாயாரின் ஊழியர் சேமலாப நிதியைக் கோரும் விண்ணப்பம். கீழே கிடந்தது, நான் பயின்றுவரும் இறையியற் பட்டப்படிப்பைத் தொடர்வதற்கு எங்கள் திருச்சபையின் சிபாரிசைக் கோரும் படிவம். ‘எத்தகைய ஊழியத்துக்கு அழைக்கப்பட்டிருப்பதாக உணர்கிறீர்?’ என்பது அதிலுள்ள ஐந்தாம் வினா. தமிழைப் பாடமாகக் கற்றவளாதலின், பொருளை விட்டுச் சொல்லிலே கண் செல்வது எனக்குப் பழக்கதோஷம். ஒரே சொல் இரு தாள்களிலும் இருந்தது. ஒன்றில் அச்சொல்லுக்குக் கணக்கு உண்டு. தொழிலாளியின் வேதனத்திலிருந்து எட்டு வீதம், தொழில்கொள்வோன் சேர்ப்பது பன்னிரண்டு வீதம் என 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த கணக்கு அது. மற்றையதில் அச்சொல்லுக்குக் கணக்கு இல்லை. அங்கே கணக்குக் கேட்பதும் அழகன்று என்பர்.

இவ்விரு தாள்களுக்கும் இடையில் நான் கழித்த இரண்டாண்டுகளைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

நான் பிறந்தது ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தின் பத்துக் காம்பிரா லயத்தில். தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். நான் பத்தாம் வகுப்பிற் படிக்கும்போதே காலமானார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே அக்குடும்பம் வேதத்துக்கு வந்துவிட்டது. அம்மாவோ, மாரியம்மன் கோவிலிற் காப்புக் கட்டி வளர்ந்த வீட்டுப் பெண். கலியாணத்தின்பொருட்டு ஞானஸ்நானம் பெற்றவர். ஞாயிறுதோறும் எங்கள் கோவிலுக்கு வருவார். கவ்வாத்துக் காலத்தில் மலையிலே கவ்வாத்துச்சாமிக்குப் படையலிடும்போதும் தவறாமற் போய் நிற்பார். இரண்டுக்குமிடையில் முரண்பாடு இருப்பதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியதுண்டு. படித்தவர்களுக்கு வரும் நோய்களுள் அதுவும் ஒன்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, நகரத்து இடைநிலைப் பாடசாலையொன்றில் ஒன்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் வெண்டளையும் ஆசிரியத்தளையும் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் தோட்டத்துக் கோவிலுக்குக் குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறே வருவார். எஞ்சிய ஞாயிறுகளில் வேதப்பகுதியை வாசித்துச் சில வார்த்தை சொல்வது, சபையில் எழுத்தறிந்தவள் என்ற காரணத்தால், என் தலையில் வந்து விழுந்தது. ஆசிரியத்தொழிலின் பழக்கத்தால் நான் சொல்வது எப்போதும் சற்று நீண்டுவிடும். சனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு வந்த பகுதி, மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்திலுள்ள திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமை. வாசகர் பலரும் அறிந்த கதை. விடியற்காலையிலும், ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும், பொழுதிறங்கும் ஐந்து மணிக்குமாக ஐந்து தடவை ஆள்பிடிக்கிறான் தோட்டக்காரன். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரு வெள்ளிக்காசு. காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். தோட்டக்காரன் கடவுளென்றும், கூலி அவருடைய கிருபையென்றும், முறுமுறுப்பது பொறாமையென்றும் நான் கேட்டு வளர்ந்த விளக்கத்தையே சொல்லி முடித்தேன். கோவில் கலைந்த பின்னர், மருந்தடிக்கும் வேலை செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர் படியில் என்னை மறித்தார்.

“டீச்சர், அந்தத் தோட்டத்து தொர நல்லவரா, கெட்டவரா?”

“அவர் கடவுள், தாத்தா.”

“அப்ப சாமிக்கும் தோட்டம் இருக்கா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, “அங்க வேல செஞ்ச சனத்துக்கு என்னா இருந்துச்சு?” என்றார்.

என்னிடம் விடை இல்லை. வகுப்பறையில் விடை தெரியாத கேள்வி வந்தால், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போகலாம். இக்கேள்விக்குப் போக வேண்டிய நூலகம் எதுவென்றே எனக்குத் தெரியவில்லை. இறையியல் கற்க வேண்டுமென்ற எண்ணம் எனக்கு அந்தப் படியில்தான் உண்டாயிற்று. ‘அழைப்பு’ என்று எங்கள் சபையார் கூறுவது இதுதானாவென நான் இன்றும் அறியேன். ஒளி எதுவும் தோன்றவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. ஒரு கிழவனார் கேள்வி கேட்டார், அவ்வளவே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள்வரை சம்பளமின்றி விடுமுறை பெறலாமென்ற சுற்றறிக்கை வெளிவந்தது. பலர் அதைக்கொண்டு மத்திய கிழக்குக்குப் போனார்கள். நான் 2024 தை மாதம் பிலிமத்தலாவைக்குப் போனேன்.

போகுமுன் ஆசிரியர் ஓய்வறையில் நடந்ததைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. எங்கள் பாடசாலையில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சங்கத்துக்காக இடமாற்றமும் பதவியுயர்வு மறுப்பும் கண்டவர். இந்தச் சஞ்சிகை போன்ற ஏடுகளை எனக்கு முதன்முதலிற் படிக்கத் தந்தவரும் அவரே. அவர் கோபிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “டீச்சர், லயத்திலிருந்து ஒரு பிள்ளை பட்டதாரியாகி இந்தக் கதிரையில் வந்திருக்க எத்தனை தலைமுறை சென்றது? 1948இலே பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இலே இரண்டு பிரதமர்கள் கூடி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று ஆட்டுக்குட்டிகளைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அதையெல்லாம் தாண்டி வந்த கதிரையை விட்டு, எங்களை அடங்கியிருக்கச் சொன்ன இடத்துக்கே போகிறீர்களா?” என்று கேட்டார். அபின் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருந்தால் எதிர்வாதம் செய்ய எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் கேள்வியின் நியாயத்தை நான் அப்போதே ஒப்புக்கொண்டேன். கிழவனாரின் கேள்வியோடு அதையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன் என்று சொல்லலாம்.

பிலிமத்தலாவை, பேராதனையிலிருந்து கொழும்பு வீதியிற் சில கல் தூரத்திலுள்ளது. பல்கலைக்கழகத்திற் படித்த நான்காண்டும் அக்கல்லூரி வாயிலைப் பஸ்ஸிற் கடந்து போயிருக்கிறேன்; இறங்கிப் பார்த்ததில்லை. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த சபைகள் ஒன்றுகூடி 1963இல் அதனை நிறுவின. சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றுவதே நோக்கம். 1956ஆம் ஆண்டு மொழிச்சட்டம் நாட்டைப் பிளந்து ஏழாண்டுகளே ஆகியிருந்த வேளையில், இருமொழி மாணவரும் ஒரு வளவுக்குள் வாழட்டுமென எண்ணியவர்கள் துணிந்தவர்களே.

பட்டம் அளிப்பது வங்காளத்திலுள்ள செராம்பூர். 1818இல் அக்கல்லூரியைத் தொடங்கிய மூவருள் வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர், வார்ட் அச்சுத்தொழிலாளி, மார்ஷ்மன் நெசவாளியின் மகனாய்ப் பிறந்து பள்ளியாசிரியரானவர். செராம்பூர் அப்போது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தமையால், 1827இல் டேனிய மன்னர் பட்டமளிக்கும் அதிகாரத்தைச் சாசனமாக வழங்கினார். அச்சாசனத்தின்கீழ் முதல் இறையியற் பட்டங்கள் வழங்கப்பட்டது 1915இலேதான். செருப்புத் தைத்தவர் தொடங்கிய கல்லூரியின் பட்டத்துக்கு இன்று நாங்கள் கறுப்பு அங்கி அணிந்து நிற்கிறோம். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கிக்குள் யார் இருந்தார் என்பது மறந்துபோகிறது என்பதையே சொல்கிறேன்.

படிப்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இறையியற் பட்டமென்றால் பாட்டுப்பாடி மன்றாடும் பயிற்சியென்று என் சகாக்களிற் சிலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி எழுத்து வேலை: பழைய ஏற்பாட்டின் நூல்கள் எக்காலத்தில் எவர் கையால் தொகுக்கப்பட்டன என்ற ஆராய்ச்சி, சபைகளின் வரலாறு, பிற சமயங்கள், அறவியல், மருத்துவமனையிலும் சபைகளிலும் களப்பயிற்சி. புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியான கிரேக்கத்திற் படிக்க வேண்டும். முப்பத்து நான்காம் வயதில் கிரேக்க வினைத்திரிபுகளை மனனம் செய்தவள் என்ற முறையில், என் பழைய மாணவர்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கிறேன். வேற்றுமை உருபுகளை ஒப்புவிக்காத பிள்ளைகளை இனி நான் முன்போல நிறுத்திவைக்க மாட்டேன்.

தொல்காப்பியத்தின் வழி வந்தவளுக்குக் கிரேக்கம் அச்சுறுத்தும் மொழியன்று. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தமிழில் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது என்று பார்க்கும் ஆசை தோன்றிவிட்டால் இரவு உறக்கமில்லை. கடவுளைக் குறிக்கும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் நெடுங்காலம் சர்வேசுரன் என்றனர். பப்ரிசியசின் மொழிபெயர்ப்பிற் பராபரன், பின்னர்த் தேவன், 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பிற் கடவுள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சண்டை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் செய்வித்த மொழிபெயர்ப்பிற் கைவைத்தவர் ஆறுமுக நாவலர் என்பதை எங்கள் தமிழ்த்துறையில் எல்லோரும் அறிவர். அது 1850இல் அச்சாகி, தமிழகத்துச் சபைகளால் ஏற்கப்படாமற் போனதைச் சிலரே அறிவர்.

என்னைப் பிடித்துக்கொண்ட சொல் ‘தியாக்கொனியா’. குருத்துவப் பணிக்குப் புதிய ஏற்பாடு பெரிதும் வழங்கும் சொல் இதுவே. பந்தியிற் சோறு பரிமாறுதல், ஏவல் செய்தல் என்பன அதன் பழைய பொருள். கைநோக உழைப்பவனுக்கு ‘எர்காத்தேஸ்’ என்று வேறொரு சொல் உண்டு; திராட்சத் தோட்டத்தில் நின்றவர்கள் அவர்கள். தமிழ் வேதாகமம் தியாக்கொனியாவுக்கு எடுத்த சொல் ஊழியம். பொருத்தமான சொல்தான். ஆயின், ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது, குறித்த சில குலத்தாரும் வகுப்பினரும் ஆண்டுக்குக் குறித்த நாட்கள் ஊதியமின்றி அரசுக்குச் செய்தேயாக வேண்டிய கட்டாய உழைப்பின் பெயர். ஒல்லாந்தர் தம் ஏடுகளிலும் அச்சொல்லையே எழுதினர். ஊழியத்துக்கும் ஊதியத்துக்கும் ஓரெழுத்தே வேறுபாடு என்று வகுப்பறையில் வேடிக்கையாகச் சொல்லலாம்; அந்த ஓரெழுத்துக்காகச் சங்கம் அமைத்தவர்களின் வரலாறு வேடிக்கையானதன்று. கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்த சொல் பீடத்துக்கு ஏறிப் புனிதமாயிற்று. பின்னர், நம் நாட்டிலே, அதே சொல் இறங்கிவந்து சேமலாப நிதியின் முன்னால் நின்றது. இந்தச் சுற்றை ஓர் இறையியலாளரும் எழுதியதாக நான் காணவில்லை. எழுத வேண்டுமென்று நினைத்துக்கொண்டேன்.

வரலாற்று வகுப்பிலும் இதே இடத்திற்றான் நின்றேன். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் தமிழும் வடமொழியும் அங்கே கற்பிக்கப்பட்டன. கலித்தொகையை 1887இல் முதன்முதலில் அச்சேற்றித் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு படித்தவரே. சமயத்தைப் பொறுத்தவரை அவர் சைவத்துக்கே திரும்பினார், கல்வி கைவிடவில்லை. மலைநாட்டில் எமக்குக் கிடைத்தது வேறு. 1854இல், கோப்பித் தோட்டத்துரைமாரின் ஆதரவோடு, தோட்டத்துத் தமிழர்க்கென ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் அழைத்துவரப்பட்டனர். அதற்கு இட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. கூலி என்பது இங்கே ஆட்களைக் குறித்த பெயர். ஒரே நூற்றாண்டு, ஒரே வேதம். ஓரிடத்திற் செமினரி, ஓரிடத்திற் கூலி மிஷன். வேறுபாடு எங்கிருந்து வந்ததென்பதை இச்சஞ்சிகையின் வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தனிநாயகம் அடிகள் உரோமையில் இறையியல் கற்று, குருவானபின்னரே அண்ணாமலையில் முறையாகத் தமிழ் கற்றார். நான் எதிர்த்திசையில் நடக்கிறேன் என்று ஒரு நண்பர் கேலி செய்தார். பெருமைக்குரிய கேலிதான், அவ்வளவு தூரம் நடக்கும் கால் எனக்கில்லை.

களப்பயிற்சிக்காக ஒரு நகரச் சபைக்கு அனுப்பப்பட்டேன். எந்தச் சபையென்பது முக்கியமன்று. இலங்கைத் திருச்சபையிற் பெண்கள் குருப்பட்டம் பெற்றது 2006இலேயே. ஆகவே பெண்ணொருத்தி அங்கியோடு நிற்பதை அங்கு எதிர்ப்பவர் எவருமிலர். என்னை எப்படி அழைப்பதென்பதே சிக்கல். சிலர் சிஸ்டர் என்றார்கள். சிலர் டீச்சர் என்றார்கள். வயதான தாயொருவர் பழக்கத்தால் ஐயா என்றழைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் ஞாயிறு, சபைப் பெரியவர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, “பிள்ளைக்கு ஊர் எந்தப் பக்கம்?” என்று விசாரித்தார். ஹற்றன் என்றேன். “ரவுணா, தோட்டமா?” என்றார். தோட்டம் என்றேன். “ஓ, அப்படியோ” என்றார். அதன்பின் அவர் என்னிடம் முகங்கோணியதில்லை. ஆனால், வீட்டுச் செபக்கூட்டங்களுக்கு என்னை அழைத்துப்போகும் முறை மெல்ல நின்றுபோயிற்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்த்துச் சண்டையிட ஒரு சொல்லாவது தந்திருக்கலாம்.

அந்த விடுமுறையில் லயத்துக்குப் போனபோதுதான், கிழவனாரின் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். இரண்டாண்டாகப் புத்தகங்களில் தேடியதை வீட்டில் முதலிற் கேட்காதது என் படிப்பின் கோளாறு. அம்மா அரிசியிற் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உவமையை முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

“சாயங்காலம் வரைக்கும் நின்னவங்க சோம்பேறிங்கன்னா நெனைக்கிற?” என்றார். “காலைல பெரட்டுல வலுவான ஆளாப் பாத்துப் பொறுக்கி எடுத்துருப்பாங்க. நின்னவங்க கெழடுகட்டைங்களா இருக்கும். இல்லாட்டி கைப்புள்ளக்காரிங்க.”

ஆசிரியப் புத்தி விடவில்லை. “அவர்களுக்கும் முழுக்கூலி கொடுத்தாரே, அம்மா?” என்றேன்.

“முழுப்பேரு போட்டது நல்ல காரியம். நான் வேணான்னு சொல்லல. ஆனா எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு, கடைசியா வந்தவங்களுக்கு ஏன் மொதல்ல குடுக்கணும்? காலைலருந்து வெயில்ல காஞ்சவங்க பாத்துப் பொருமட்டும்னுதானே? சனத்துக்குள்ள சண்டை மூட்டுற வேல இது. எங்க காலத்துலயும் செஞ்சாங்க.” சற்றுப் பொறுத்து, “தோட்டம் அவருதுதானே. அதுல ஒரு செடியும் யாருக்கும் குடுக்கல பாரு” என்றார்.

மலைநாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தோட்டத்தில் ஒருநாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவென வர்த்தமானியில் வெளிவந்தது. எங்கள் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ எடுத்தவர்க்கே அந்தத் தொகை. முழங்கால் வீங்கி, மலைச்சரிவில் மற்றவர்க்கு இணையாக ஏற முடியாத கடைசி ஆண்டில், அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அரைப்பேரே விழுந்தது. அவர் உவமையை வாசித்தது அந்த முழங்காலோடு.

கல்லூரிக்குத் திரும்பிய பின்னர், வில்லியம் ஹெர்சொக் என்ற அமெரிக்க அறிஞர் 1994இல் எழுதிய நூல் கைக்கு வந்தது. ஒடுக்கப்பட்டோர் கல்வியைப் பற்றி எழுதிய பிரேசிலிய ஆசிரியர் பாவுலோ பிரேயரின் வழியிலே இயேசுவின் உவமைகளை ஆராய்ந்த நூல். தோட்டக்காரனைக் கடவுளாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும், கூலி கொடுத்த வரிசைமுறையே தொழிலாளரை அவமதித்துப் பிரிப்பதென்றும் அவர் வாதிடுகிறார். அரிசிப் புடைப்போடு அம்மா சொன்னதை அவர் அடிக்குறிப்புகளோடு சொல்லியிருந்தார். அவர் வாதத்தை மறுப்போரும் உளர். உவமை சொன்னவர் கிருபையைப் பற்றியே பேசினார் என்பதை நானும் முற்றாகக் கைவிடவில்லை. கடைசியாய் நின்றவனுக்கும் ஒருநாள் வயிற்றுக்கு வேண்டுமென்ற எண்ணம் அக்கதையின் உயிர். ஆனால், கிருபையைத் தோட்டத்துரையின் கையிலேயே வைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? இக்கேள்வியை ஓய்வறை நண்பரிடமும் கேட்கலாம், சபைப் பெரியவரிடமும் கேட்கலாம் என்ற தைரியம் எனக்கு அப்போதுதான் வந்தது.

தவணைக் கட்டுரையில் இரு வாசிப்புகளையும் அடுத்தடுத்து எழுதினேன். ஹெர்சொக்குக்கு அடிக்குறிப்பு இட்டாயிற்று. அம்மாவுக்கும் இட வேண்டுமல்லவா? பேனா அங்கே நின்றது. எந்தப் பெயரை எழுதுவது?

அம்மாவுக்கு இரண்டு பெயர்கள். 1983இல் பதினேழு வயதிற் பேர் பதியும்போது தோட்டத்துச் செக்ரோலில் எழுதப்பட்டது மாரியாயி. 1985இல் ஞானஸ்நானத்தின்போது இடப்பட்டது மேரி. நாடற்றவர்க்குப் பிரஜாவுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அடையாள அட்டை எடுக்கையில், அப்பாவின் சொற்படி, மேரி என்றே பதிந்தார்கள். நாற்பதாண்டாகச் சம்பளத்திற் பிடித்த பணம் மாரியாயி பெயரில் இருந்தது, கேட்கப்போனவர் மேரி. இருவரும் ஒருவரே என்பதற்கு எழுத்துமூல அத்தாட்சி வேண்டுமென்றார்கள். தோட்டக் கந்தோருக்கும் நகரத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் பத்து மாதம் அலைந்தோம். குறைகூற அங்கே ஒருவர் முகமும் இல்லை. ஒவ்வொருவரும் தம் முன்னாலிருந்த தாளைச் சரியாகவே வாசித்தார்கள்.

ஞானஸ்நானப் பதிவேடு நினைவுக்கு வந்தது கட்டுரையை முடித்த இரவில். மறுவாரம் தோட்டத்துக் கோவிலின் அலுமாரியைத் திறந்து தேடினேன். கறையான் ஓரம் தின்ற ஏட்டில், நீலமை மங்கிப்போய், அழகிய சாய்வெழுத்தில் இருந்தது: மாரியாயி, வயது பத்தொன்பது, இடப்பட்ட நாமம் மேரி. அடுத்த கட்டத்தில், தொழில்: கூலி. குருவானவர் கையொப்பமிட்டிருந்தார். எழுத்து உபதேசியாருடையது.

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். எனக்கு ‘அ’ எழுதக் கற்றுத்தந்த கை அது. முப்பதாண்டுக்கு மேலாக எட்டுத் தோட்டங்களுக்கும் நடந்து திரிந்தவர். பிணத்தை அடக்கம் செய்ததும், கடிதம் எழுதிக்கொடுத்ததும், துரையிடம் சிபாரிசுக்குப் போய் நின்றதும் அவரே. கோவிலின் பின்னறையில் வாழ்ந்தார். நான் பல்கலைக்கழகத்திலிருந்தபோது அந்த அறையிலேயே இறந்தார். பெட்டி வாங்கச் சனங்கள் காசு சேர்த்தார்கள். அவருக்கு எந்த நிதியிலும் எதுவும் பிடிக்கப்பட்டிருக்கவில்லை. பிடிக்க வேண்டுமென எவரும் நினைத்ததுமில்லை. அவர் செய்தது ஊழியம்.

அந்தப் பக்கத்தின் பிரதிக்குக் குருவானவர் அத்தாட்சி எழுதித் தந்தார். இரண்டாண்டுப் படிப்பில் நான் ஆற்றிய ஒரே உருப்படியான குருத்துவப் பணி அந்தப் பிரதியை எடுத்ததுதான் என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மார்கழியில் அம்மாவோடு நகரத்துக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். உத்தியோகத்தர் இளம்பெண், பதிவேட்டின் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, கையெழுத்துப் போடுங்கம்மா என்றார். அம்மா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“எந்தப் பேரு போட?”

இரண்டையும் எழுதச் சொன்னார் அந்தப் பெண். மாரியாயி என்பதை எழுத அம்மாவுக்கு நேரம் பிடித்தது. அதை அவர் எழுதிப் பழகியதில்லை. வரிசையிற் பின்னால் நின்றவர்கள் ஒன்றும் சொல்லாமற் காத்திருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. டிக்கோயாத் திருப்பம் தாண்டியதும் அம்மா கேட்டார்: “நீ ஊழியத்துக்குப் போனா ஒனக்கும் இந்த ஊழியர் காசு புடிப்பாங்களா?”

ஆசிரியப் பதவியைத் துறந்தால் ஓய்வூதியத்தையும் துறக்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும். தம்பிதான் சொல்லியிருக்க வேண்டும்.

“விசாரிக்கிறேன், அம்மா” என்றேன்.

“விசாரி. உபதேசியாருக்கு ஏன் புடிக்கலன்னும் கேளு.”

அடுத்த திங்கட்கிழமை திருச்சபைக் கந்தோருக்கு இரண்டு கேள்விகளையும் எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் வினாவுக்கு எதிரேயுள்ள இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.